எழுதிய கணக்கும் எழுதாக் கணக்கும்: யாழ்ப்பாணக் குடும்பப் பொருளாதாரம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணத்தின் பொருளாதார வரலாற்றை ஆராய்ந்தோர் பெரும்பாலும் அரசிறை, வணிகம், நிலவுடைமை, புகையிலை ஏற்றுமதி, அரசாங்க உத்தியோகம் என்பனவற்றையே ஆய்வுக்குரிய பொருள்களாகக் கொண்டனர். ஒரு குடும்பம் தன் வருவாயை எவ்வாறு பகுத்தது, எதைச் செலவிட்டது, எதை ஒளித்து வைத்தது, கையில் இல்லாதபோது எவரிடம் மாறியது என்னும் வினாக்கள் அடுக்களைக்குரியனவேயன்றி வரலாற்றுக்குரியன அல்ல என ஒதுக்கப்பட்டன. ஆயினும் இவ்வட்டாரத்தின் சமூக மாற்றங்கள் பலவும் முதலில் வீட்டு வரவுசெலவிலேயே தாக்கம் விளைத்தன. அத்தாக்கத்தைத் தாங்கியவர்கள் யாவர், அவர்கள் கையாண்ட வழிகள் யாவை என்பதை அறியாது எழுதப்படும் பொருளாதார வரலாறு குறையுடையதாகவே அமையும்.

கடந்த மூன்று நூற்றாண்டுக் காலத்தை நோக்குமிடத்து, யாழ்ப்பாணக் குடும்பம் ஒரே வேளையில் இரு கணக்குகளை வைத்திருந்தமை புலனாகும். ஒன்று தோம்பிலும் உறுதியிலும் வங்கிப் புத்தகத்திலும் பதிவு பெற்ற கணக்கு. காணி, வீடு, ஈடு, ஒற்றி, சீதனம் ஆகியன இதனுள் அடங்கும். இதனை நொத்தாரிசும் நீதிமன்றமும் குடும்பத்தின் ஆண்மக்களும் பேணினர். மற்றையது எங்கும் பதிவு பெறாத கணக்கு. பிடியரிசி, சீட்டு, கைமாற்று, நகை, கொடுத்த அன்பளிப்பு, வாங்கிய அன்பளிப்பு என்பன இதன் உறுப்புகள். இதனைப் பெரும்பாலும் பெண்களே நடத்தினர். இவ்விரண்டாவது கணக்கு முதலாவதன் வெறும் துணையாக அமைந்ததன்று. நெருக்கடி நேர்ந்த ஒவ்வொரு காலத்திலும் முதற்கணக்கைத் தாங்கி நின்றது அதுவே.

எழுதப்பட்ட கணக்கின் அடிப்படையைத் தேசவழமையிற் காணலாம். ஒல்லாந்தர் ஆட்சியில் யாழ்ப்பாணத்துத் திசாவையாக விளங்கிய கிளாஸ் ஐசாக்ஸ் என்பவரால் தொகுக்கப்பெற்று, முதலிமார் பன்னிருவரால் பார்வையிடப்பெற்று, 1707ஆம் ஆண்டில் நிறைவுற்ற இத்தொகுப்புக்குப் பிரித்தானியர் 1806ஆம் ஆண்டில் சட்டவலு அளித்தனர். குடும்பச் சொத்தினை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என மூன்றாக அது வகுத்தது. முன்னோரிடமிருந்து வந்தது முதுசம். பெண்ணுக்குத் திருமணத்தின்போது கொடுக்கப்படுவது சீதனம். மணவாழ்வின்போது ஈட்டப்படுவது தேடியதேட்டம். எனவே இங்கு வீட்டுச் சொத்து ஒற்றைக் குவியலாகக் கருதப்படவில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் அது வந்த வழியும், இனிச் சேரவேண்டிய இடமும் உண்டு என்னும் கருத்து வழக்காறாக வேரூன்றியிருந்தது. மூத்த பெண்ணுக்கு எக்காணி, இளையவளுக்கு எது, மகனுக்கு எஞ்சுவது யாது என்பன பிள்ளைகள் சிறுவராயிருக்கும்போதே எண்ணப்பட்டன. ஈட்டிய பணத்தைக் கையில் வைத்திராது, எளிதிற் செலவழியாத காணியாகவும் பொன்னாகவும் மாற்றிவிடும் இயல்பு இவ்வேற்பாட்டினின்றும் தோன்றியதெனக் கருத இடமுண்டு.

கடனுக்கும் இவ்வழக்காறு வழிவகுத்திருந்தது. ஒற்றி என்பது காணியையோ மரங்களையோ கடன் கொடுத்தவரிடம் ஒப்படைத்து, வட்டிக்கு ஈடாக அவற்றின் பயனை அவர் நுகர விடும் முறையாகும். கடன் கட்டித் தீர்ந்ததும் பொருள் உரியவரிடம் மீளும். பணப்புழக்கம் குறைந்திருந்த ஒரு விவசாயச் சமூகத்துக்கு இது பொருத்தமாயிருந்தது. வட்டியைக் காசாகக் கொடுக்கவேண்டிய நெருக்கடி அதில் இல்லை. ஆயினும் ஒற்றியோ ஈடோ எழுதுவதற்குக் காணி வேண்டும், உறுதி வேண்டும், நொத்தாரிசுக்குக் கூலியும் வேண்டும். நாளாந்தத் தேவைகள் அவ்வழியில் நிறைவெய்தக் கூடியன அல்ல.

புகையிலைச் செய்கையாளர் குடும்பத்தை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். திருவிதாங்கூர்ச் சந்தையை நம்பியிருந்த அப்பயிர் ஆண்டுக்கொருமுறையே பணத்தைக் கொண்டுவந்தது. உப்பும் துணியும் மருந்தும் ஆண்டு முழுவதும் வேண்டப்பட்டன. இவ்விடைவெளியை நிரப்பியவை சிறு ஏற்பாடுகளே. உலையில் இடுவதற்கு அளந்த அரிசியில் ஒரு பிடியை எடுத்து வேறு பானையில் இடும் வழக்கம் இருந்தது. அது கோயிலுக்கும் பாடசாலைக்கும் மட்டுமன்றி, பஞ்சமான நாளில் வீட்டுக்கும் உதவியது. அயலாரிடம் வட்டியின்றி வாங்கிச் சில நாளிற் கொடுத்துவிடும் கைமாற்றுக்கு எழுத்துமில்லை, சாட்சியுமில்லை. சீட்டோ இவற்றினும் ஒழுங்குபட்டது. பத்துப் பேரோ இருபது பேரோ மாதந்தோறும் சமதொகை இட, குலுக்கலாலோ கழிவு கேட்பதாலோ ஒவ்வொரு மாதமும் ஒருவர் முழுத்தொகையையும் பெறுவார். சிறிது சிறிதாகச் சேரும் பணத்தை ஒரே தடவையில் பெருந்தொகையாகப் பெறுவதற்கு, வங்கி வாயிலை மிதித்தறியாத பெண்களுக்கு இதுவே வழியாயிற்று. இதன் பிணை காணி அன்று. சீட்டை நடத்துபவரின் நாணயமும், ஊரில் தலைநிமிர்ந்து நடக்கவேண்டுமென்ற எண்ணமுமே பிணையாயின. 1935ஆம் ஆண்டில் சீட்டுகளை ஒழுங்குபடுத்தக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டமை இம்முறை எவ்வளவு பரவியிருந்தது என்பதையும், நம்பிக்கை முறிந்த சந்தர்ப்பங்கள் இருந்தன என்பதையும் ஒருங்கே உணர்த்துகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வமைப்பில் ஒரு திருப்பம் நேர்ந்தது. மிசனரிமாரும், அவர்களைத் தொடர்ந்து சைவ நிறுவனங்களும் வளர்த்த ஆங்கிலக் கல்வி, காணியால் மட்டும் வாழமுடியாத குடும்பங்களின் புதல்வர்களை லிகிதர்களாகவும் எழுதுவினைஞர்களாகவும் ஆக்கியது. அவர்கள் கொழும்புக்கும் மலைநாட்டுக்கும், பின்னர் மலாயாவின் புகையிரதப் பகுதிக்கும் நில அளவைப் பகுதிக்கும் சென்றனர். 1872இல் தசம முறையிலான ரூபா நடைமுறைக்கு வந்தமையும், 1885இல் தபாற் சேமிப்பு வங்கி தொடங்கப்பெற்றமையும், 1905இல் கொழும்பு யாழ்ப்பாணப் புகையிரதத் தொடர்பு நிறைவுற்றமையும் இப்புதிய வாழ்க்கைக்கு வசதியளித்தன. மாதத் தொடக்கத்தில் தபாற்கந்தோருக்கு வரும் காசுக்கட்டளை கிராமத்தின் இயக்கத்தையே தீர்மானிக்கும் நிலை உருவாயிற்று. யாழ்ப்பாணத்தைக் காசுக்கட்டளைப் பொருளாதாரம் எனக் குறிப்பிடும் மரபு இதன்வழி வந்ததாகும்.

காசுக்கட்டளையுடன் கடிதமும் வந்தது. இவ்வளவு தம்பியின் பாடசாலைக் கட்டணத்துக்கு, இவ்வளவு கடனுக்கு, இவ்வளவு தங்கையின் பெயரில் என அதிற் பங்கீடு காணப்படும். ஆனால் கடிதம் எழுதியவர் ஆயிரம் மைல்களுக்கு அப்பாலிருந்தார். விலையேற்றத்தையும் எதிர்பாரா நோயையும் வாயிற்படியில் வந்து நிற்கும் உறவினரையும் எதிர்கொள்ளவேண்டியவர் வீட்டிலிருந்த தாயோ மனைவியோ ஆவர். பங்கீட்டைச் சிதைக்காமலும் தேவையைத் தவிர்க்காமலும் அவர்கள் நடத்திய சமாளிப்பைப் பதிலாக எழுதப்பட்ட கடிதங்கள் முழுமையாகச் சொல்லியிருக்க முடியாது. 1942 முதல் 1945 வரை மலாயா யப்பானியர் வசமிருந்தபோது அங்கிருந்து வந்த பணமும் கடிதமும் ஒருங்கே நின்றுபோயின. உழைப்பவர் உயிரோடிருக்கின்றாரோ என்பதே தெரியாத அம்மூன்றரை ஆண்டுக் காலத்தை அக்குடும்பங்கள் கடந்தமைக்குக் கூப்பன் அரிசியும், தோட்டமும், கைமாற்றும், எல்லாவற்றுக்கும் மேலாக நகையும் காரணங்களாயின.

நகையின் இடத்தைச் சட்டத்தோடு சேர்த்து நோக்கினாலன்றி விளங்கிக்கொள்ள முடியாது. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் மணமான பெண்ணின் சொத்தை அவளது தனிச்சொத்தாக ஏற்றுக்கொண்டது. ஆயினும் அசையாச் சொத்தைக் கைமாற்றுவதற்குக் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என விதித்தது. அசையும் சொத்துக்கு அத்தகைய தடை இல்லை. அதாவது, சீதனக் காணி பெண்ணின் பெயரில் இருப்பினும் அதனை அவள் தனித்து விற்கவோ ஈடுவைக்கவோ இயலாது. கழுத்திலும் காதிலும் கையிலும் இருந்த பொன்னைச் சட்டப்படி அவள் தானே கையாளலாம். பொன்மீது யாழ்ப்பாணப் பெண்களுக்கிருந்த பற்றினை அலங்கார மோகம் எனச் சீர்திருத்தவாதிகள் கண்டித்ததுண்டு. அவள் முழுமையாக ஆளக்கூடிய பெறுமதிமிக்க சொத்து அது ஒன்றே என்பதை அக்கண்டனம் கருத்திற் கொள்ளவில்லை.

ஆயினும் அவ்வுரிமை நடைமுறையில் எவ்வாறு பயன்பட்டது? விதைப்புச் செலவு, மகனின் படிப்பு, மைத்துனியின் திருமணம், வழக்குச் செலவு என எது வந்தாலும் முதலில் அடைவுக்குச் சென்றது பெண்ணின் காப்பும் சங்கிலியுமே. காணியை ஈடுவைப்பது ஊரறிந்த தலைக்குனிவு. நகையை அடைவு வைப்பதோ மறைவில் நிகழக்கூடியது. மீட்கப்பட்டால் எவரும் அறியார். மூழ்கிப்போனாலும் இழப்பு அவளுடையதே. அந்நகையால் பெறப்பட்ட கல்வியும் காணியும் எழுதிய கணக்கில் ஆடவரின் தேட்டமாகப் பதிந்தன. அவற்றுக்கு முதலாயிருந்த பொன் அக்கணக்கில் இடம்பெறவில்லை. இருபதாம் நூற்றாண்டில் வலுப்பெற்ற ‘டொனேசன்’ முறையும் இத்தன்மையதே. சீதனம் பெண்ணுக்குரியது, டொனேசனோ மணமகன் வீட்டாருக்குக் கொடுக்கப்படும் ரொக்கப் பணம். பெரும்பாலும் அது அவ்வீட்டுப் பெண்ணொருத்தியின் திருமணத்துக்குச் சென்றது. ஒரு வீட்டுப் பெண்ணின் பேரிற் சேர்ந்த பணம் இன்னொரு வீட்டுப் பெண்ணின் கடனைத் தீர்த்து, அவ்விரு பெண்களுள் எவரிடமும் தங்காது சென்றது.

அன்பளிப்பும் இவ்வெழுதாக் கணக்கின் ஓர் உறுப்பேயாகும். திருமணம், பூப்புநீராட்டு, குடிபுகுதல் ஆகிய மங்கல நிகழ்வுகளில் கொடுக்கப்படும் பணமும் பொருளும் பார்வைக்குக் கொடையாகத் தோன்றினும், உண்மையில் வட்டியற்ற நீண்டகாலக் கடனின் இயல்பைப் பெற்றிருந்தன. பெரும் செலவு நேரும் நாளில் ஊரும் உறவும் சேர்ந்து முதலிடுகின்றன. பின்னர் ஒவ்வொருவர் வீட்டு நாளிலும் அது சற்றுக் கூட்டித் திருப்பிச் செய்யப்படுகின்றது. எவர் எவ்வளவு கொடுத்தார் என்பதைக் கொப்பியில் எழுதிவைத்த வீடுகளும் உண்டு. எனினும் எவருக்கு எப்போது எவ்வளவு செய்வது தகும், எவர் இயலாத நிலையிலிருப்பதால் அவரிடம் எதிர்பார்த்தலாகாது என்னும் தீர்ப்புகள் கொப்பியில் இல்லை. அவை வீட்டுப் பெரியவள் ஒருத்தியின் நினைவில் இருந்தன. மரணவீட்டில் இவ்வுதவி கேளாமலே வந்தது. பிற்காலத்து மரண சகாய சங்கங்கள் அவ்வழக்கத்தையே விதிமுறைகளுடன் அமைத்துக்கொண்டன. அதே வேளையில், சாதியும் அந்தஸ்தும் இவ்வட்டத்தின் எல்லையை வகுத்தன என்பதை மறைத்தலாகாது. பிறருக்கு ஊழியம் செய்து வாழும்படி விதிக்கப்பட்டிருந்த குடும்பங்களுக்கு ஒற்றி வைக்கக் காணியோ, அடைவு வைக்கப் பொன்னோ, சமநிலையில் வைத்து மொய் செய்யும் உறவோ இருக்கவில்லை. அவர்களுடைய கடன் உழைப்பாலேயே தீர்க்கப்பட்டது.

குடும்பக் கணக்கினுள் அரசு புகுந்த வரலாறும் நோக்கற்பாலது. 1911இல் ஐக்கிய நாணய சங்கங்களுக்கான சட்டமும், 1918இல் கடன் கொடுத்தலை ஒழுங்குபடுத்தும் சட்டமும், 1942இல் அடைவு பிடிப்போருக்கான சட்டமும் இயற்றப்பட்டன. 1961இல் நிறுவப்பட்ட மக்கள் வங்கி பின்னர் நகை அடைவினை வங்கித் தொழிலாகவே ஏற்றுக்கொண்டது. பெண்ணின் பொன் அவ்வாறு வங்கிப் பற்றுச்சீட்டொன்றில் அவளது பெயருடன் பதியப்பெற்றது. உணவு மானியமும் வரவுசெலவின் உறுப்பாயிற்று. 1953இல் கூப்பன் அரிசி கொத்தொன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது எழுந்த ஹர்த்தால் ஒரு பிரதமரைப் பதவி துறக்கச் செய்தது. 1970இல் 50 ரூபா, 100 ரூபாத் தாள்கள் செல்லாதனவாக்கப்பட்டபோது, அரிசிப் பானையிலும் பெட்டகத்தின் அடியிலும் பல்லாண்டு மறைந்திருந்த சேமிப்பு வெளிவர நேர்ந்தது. கறுப்புப் பணத்தைக் குறித்து எடுக்கப்பட்ட அந்நடவடிக்கை, கணவனும் அறியாது மனைவி சேர்த்த முடிச்சையும் அவிழ்க்க வைத்தது. அதன்பின் இறக்குமதித் தடையால் வெங்காயமும் மிளகாயும் நல்ல விலை பெற்றன. அவ்வருவாய் தாளாகத் தங்காது, காணியாகவும் பொன்னாகவும் மாறியதில் வியப்பில்லை.

இவ்விரு கணக்குகளின் உண்மையான வலிமை யுத்த காலத்திலேயே சோதனைக்குள்ளாயிற்று. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரின் முஸ்லிம் மக்களை இரண்டு மணி நேரத்துள் வெளியேறுமாறு தமிழீழ விடுதலைப் புலிகள் பணித்தனர். தேசவழமைக்கு உட்படாத குடும்பங்களாயினும் பொன்னைச் சேமிப்பாகக் கொண்ட வாழ்க்கை அவர்களுக்கும் பொதுவானது. சிறுதொகைப் பணம் தவிர ஏனையவற்றை விட்டுச் செல்லும்படி அவர்கள் கட்டாயப்படுத்தப்பட்டனர். பெண்களின் நகைகளும் பறிக்கப்பட்டன. வீட்டையும் கடையையும் இழந்தவர்கள், இடம்பெயர்ந்தோர் கையோடு கொண்டுசெல்லக்கூடிய அவ்விறுதிச் சேமிப்பையும் இழந்தே புத்தளம் முதலிய இடங்களை அடைந்தனர். சரியாக ஐந்தாண்டுகளின் பின், 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி, படை நடவடிக்கை நெருங்கிய வேளையில் புலிகளின் பணிப்பின்படி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தனர். உறுதிகளை மடித்து எடுத்துச் சென்றோர் பலர். ஆயினும் உறுதி அன்று உணவு தரவில்லை. நகையும், அறிந்தவர் வீட்டுத் திண்ணையும், முன்பு செய்த உதவியின் நினைவுமே தந்தன. பாதுகாப்பு வலயங்களுள் அகப்பட்ட காணிகளுக்கு உரியோர் பல பத்தாண்டுகள் உறுதியை மட்டுமே கையில் வைத்திருந்தனர். எழுதிய கணக்கு அரசும் அமைதியும் உள்ளபோதே செல்லும் என்பதை அவ்வாண்டுகள் காட்டின. எழுதாக் கணக்கும் ஆயுதத்தின் முன் பாதுகாப்பானதன்று என்பதை 1990ஆம் ஆண்டு காட்டியது.

1983இன் பின் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் சென்றோர் அனுப்பிய பணம் பழைய காசுக்கட்டளையின் இடத்தைப் பெற்றது. வங்கி வழியிலும் உண்டியல் வழியிலும் அது வந்தது. வடக்கில் தொலைபேசித் தொடர்பு அற்றிருந்த 1990களின் முற்பகுதியில், பிள்ளையின் குரலைக் கேட்பதற்கெனக் கொழும்புக்குப் பயணம் செய்த பெற்றோர் பலர். அப்பயணச் செலவும் விடுதிச் செலவும் குடும்பக் கணக்கில் புதிய பகுதிகளாயின. 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின் கைத்தொலைபேசி பரவியபோது, முற்கொடுப்பனவு அட்டை அரிசி பருப்புடன் சேர்த்து எண்ணப்படும் பொருளாயிற்று. நிமிடத்துக்குக் கட்டணம் செலுத்திய காலத்தில் பேச்சு பணத் தேவையோடும் சுகசெய்தியோடும் முடிந்தது. இணையவழிப் பேச்சு மலிந்தபின் அனுப்புவோர் வீட்டையும் செலவையும் நேரிற் காண்பவர்களாயினர். முன்னர்த் தாய் தன் மதியால் தீர்மானித்த பங்கீடு இன்று நாடோறும் பல நாடுகளிலிருந்து வினவப்படுகின்றது. வெளிநாட்டிலிருந்து வரும் அன்பளிப்பின் அளவுக்கு ஊரிலிருப்போர் திருப்பிச் செய்ய இயலாமையால், மொய்யின் பழைய சமநிலையும் தளர்ந்துள்ளது.

வெளிநாட்டு உறவு இல்லாத குடும்பங்களின் நிலை வேறு. 2009இன் பின் வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் நிறுவனங்கள் வீட்டு வாயில்களுக்கே வந்தன. அவை நாடியவர்கள் பெண்கள். அயலவர் ஒருவருக்கொருவர் பிணை நிற்கும் குழு முறையை அவை கையாண்டன. சீட்டின் பிணையாயிருந்த ஊர் நாணயம் இங்கு கடன் கொடுத்தவரின் கருவியாக மாறியது. சீட்டில் தவணை தவறினால் காரணம் கேட்கும் அயலவள் இருந்தாள். வாரந்தோறும் வரும் சேகரிப்பாளருக்குக் காரணம் கேட்பது தொழில் அன்று. 2016இல் நுண்நிதிச் சட்டம் இயற்றப்பட்டதும், 2018இல் வறட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்குட்பட்ட கடன்களுக்கு அரசு நிவாரணம் அறிவித்ததும் அச்சுமையின் கடுமையை உணர்த்துவன. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி ஆண்டுப் பணவீக்கம் நூற்றுக்கு 70 வீதத்தை அண்மித்தபோது, மீண்டும் அடுக்களையிலேயே கணக்குச் சரிசெய்யப்பட்டது. உணவு குறைந்தது, நகை அடைவுக்குச் சென்றது.

மேற்காட்டியவற்றால் இரு முடிவுகள் பெறப்படுகின்றன. யாழ்ப்பாணத்தாரின் சிக்கனம் எனப் புகழ்ந்தும் இகழ்ந்தும் பேசப்படுவது ஓர் இனத்தின் பிறவிக்குணம் அன்று. ஆண்டுக்கொருமுறை வரும் வருவாய்க்கும், தொலைவிலிருந்து வரும் பணத்துக்கும், எந்நேரமும் நின்றுபோகக்கூடிய அமைதிக்கும் ஏற்ப வீட்டிலிருந்தோர் அமைத்துக்கொண்ட ஒழுங்கே அது. இது முதலாவது. அவ்வொழுங்கை நடத்தியவர்களுக்கு அதன் பயனில் உரிய உரிமை அளிக்கப்படவில்லை என்பது இரண்டாவது. தேசவழமைக்குட்பட்ட பெண் தன் காணியை விற்கக் கணவனின் சம்மதம் வேண்டும் என்ற 1911ஆம் ஆண்டின் விதி நூறு ஆண்டுகள் கடந்தும் நீடித்தது. குடும்பத்தின் கணக்கைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்தவள் தன் பெயரிலுள்ள உறுதியில் ஒப்பமிட இன்னொருவர் அனுமதியை வேண்டிநின்றமை, அக்கணக்கு எழுதப்படாது விடப்பட்டதன் விளைவுகளுள் ஒன்றாகும். சட்டச் சீர்திருத்தம் பற்றிச் சிந்திப்போர், கடன் திட்டங்களை வகுப்போர், பொருளாதார வரலாற்றை எழுதுவோர் ஆகிய மூவகையினரும் தொடங்கவேண்டிய இடம் தோம்பு மட்டுமன்று. அடைவுச் சீட்டுகளும், மொய் எழுதிய கொப்பிகளும், காசுக்கட்டளையோடு வந்த கடிதங்களும் இன்னும் சில வீடுகளில் எஞ்சியுள்ளன. அவற்றின் பொருளை விளக்கிச் சொல்லக்கூடிய முதியோர் குறைந்து வருகின்றனர். அவர்கள் இருக்கும்போதே அவை திரட்டப்படல் வேண்டும்.